யோசிப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது

எனக்குச் சத்தம் ஆகாது ஐயா. சதுரங்கத்துக்குள் நான் வந்ததே அதனால்தான். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஓர் இடம் வேறெங்கே கிடைக்கும்?

தேசிய சதுரங்க சம்மேளனத்துக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் செயலாளர். நாற்காலி துடைப்பதிலிருந்து நடுவராக நிற்பதுவரை என் வேலைதான். குறைகள் உண்டு, மறுக்கவில்லை. அணித் தேர்வில் வேண்டியவன் வேண்டாதவன் பார்த்தோம் என்றார்கள். பார்த்தோம். எந்த வீட்டில் பார்க்காமல் இருக்கிறார்கள்? அதற்காக வீட்டையே இடிப்பதா?

இடிக்கக் கிளம்பியவர் என் தங்கையின் கணவர், முன்னாள் சாம்பியன். சம்மேளனத்தில் இருக்கிற இருபத்து மூன்று மன்றங்களில் பதினேழிடம் விலகல் கடிதம் வாங்கிவிட்டார். அவரும் ஆடிய தேசியப் போட்டியின் கடைசி நாள் மாலை நாலு மணிக்குப் பொதுக்குழு. அங்கே கொடுப்பதாக இருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சம்மேளனம் செத்துப் பல வருஷமாச்சு மச்சான். நீங்கதான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கீங்க."

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்மேளனம் போய்விட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்?

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை நோய், ஊசி போட்டுக்கொள்பவர். நீண்ட ஆட்டங்களில் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். அதற்காகத் தங்கை ஒரு தகர டப்பாவில் மிட்டாய் போட்டு அனுப்புவாள். கடைசி நாள் காலை அதை வாசலிலேயே வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். வெளிப்பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. மோசடியைத் தடுக்க வந்தது, எல்லோருக்கும் பொது. முந்தின வாரம்தான் எழுதினேன்.

"வேணும்னா கையத் தூக்குங்க மாப்ள, குடுக்கிறேன்," என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பதினோரு மணிக்குக் கையைத் தூக்கினார். பார்த்தேன். குனிந்து, முன்பே சரிபார்த்த முடிவுச் சீட்டு ஒன்றை மறுபடி சரிபார்த்தேன். நிமிர்ந்தபோது கை இறங்கியிருந்தது. முகமெல்லாம் வியர்வை. பிறகு இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு பலகைமேல் கவிழ்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் விளையாட்டில் ஒருவர் அப்படி உட்கார்ந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். ஒரு மணி நேரமானாலும் யாரும் தொடமாட்டார்கள். எதிராளி தேநீர் குடிக்கப் போய்விட்டார். வேடிக்கை பார்த்த இரண்டு பேர், "குதிரையக் குடுக்கப் போறார் போல," என்று கிசுகிசுத்தார்கள். உதட்டில் விரல் வைத்து அவர்களை அனுப்பினேன். மாப்பிள்ளையின் ஆட்டக் கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு நிமிடம் மீதி இருந்தது. அது ஓடி முடியும்வரை இரண்டடி தள்ளி நின்றேன். நேரம் தீர்ந்ததும் அவர் தோற்றதாகச் சீட்டில் குறித்தேன். அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

நாலு மணிக்குப் பொதுக்குழு கூடியது. இரங்கல் தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், நடிப்பில்லை. இருபத்து மூன்று மன்றத்தாரும் எழுந்து நின்றார்கள். அந்தக் கடிதங்கள் அவர் சட்டைப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன, யாரும் கேட்கவில்லை. சம்மேளனத்துக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்று கேட்டீர்களே ஐயா, அன்று ஒருவர்கூட விலகவில்லை.

தங்கை ஒன்றுதான் கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே அண்ணா?"

"இருந்தேம்மா. கடைசிவரைக்கும்."

டப்பா இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆறு மிட்டாய், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் இன்னொரு தடவை கையைத் தூக்கியிருந்தால் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன்.