நான்கு வரி அறிவிப்புக்கு ஒரு நீண்ட மடல்

நகரக் குடிநீர் அலுவலகத்தின் அறிவிப்புப் பிரிவை முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் நடத்தி, சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா அவர்களே!

நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களைக் 'கத்தரிக்கோல் அக்கா' என்போம். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இம்மடலின் முதல் வரைவைப் பழக்கதோஷத்தில் உங்கள் மேசைத் தட்டிலேயே வைத்துவிட்டோம். எழுதிய தாள் எதுவானாலும் உங்கள் மேசைக்குப் போய்த்தானே வெளியே வரும்? ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. கடலே, மலையே, கலங்கரை விளக்கே என்று நாங்கள் அடுக்கியிருந்த பதினொரு அடைமொழிகளையும் அடித்திருந்தீர்கள். கீழே, என்றும் நீங்கள் கேட்கும் அதே கேள்வி: "இதைக் கேட்டுட்டு யார் என்ன செய்யணும்?"

பாராட்டு மடலுக்கு அப்படியொரு கேள்வியா என்று முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அலங்காரம் உங்களுக்கு ஆகாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் பள்ளிச் சுவரொட்டியில் 'மூடு' என்ற ஒரே சொல்லை மூன்று முறை எழுதினீர்கள். பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு குழாயை மூடினார்கள். பணியில் இறந்த குழாய்ப் பணியாளரின் மனைவிக்கு நாங்கள் எழுதிய இரண்டு பக்க இரங்கல் கடிதத்தில் ஒரு சொல்லையும் நீங்கள் தொடவில்லை. "அவங்க இதைத் திரும்பத் திரும்பப் படிப்பாங்க. நீளமாவே இருக்கட்டும்" என்றீர்கள். எழுதுவது எதற்காக என்று தெரிந்தவருக்கே எங்கே நீட்டலாம், எங்கே வெட்டலாம் என்பதும் தெரியும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் தெருக்களின் குடிநீரில் சாக்கடை கலந்தது. மேலிருந்து வந்த அறிவிப்பு, 'பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை' என்று தொடங்கியது. குடிக்கக் கூடாது என்பது ஏழாவது வரியில்தான் வந்தது. நீங்கள் யாரையும் கேட்காமல் நான்கே வரி எழுதி, ஒலிபெருக்கி வண்டியை அனுப்பிவிட்டீர்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்.
லாரித் தண்ணீர் தெருமுனைக்கு வரும்.
சரியானதும் நாங்களே சொல்வோம்.

பீதியைக் கிளப்பியதாக உங்களுக்கு மெமோ வந்தது. அதற்கும் ஒரே வரியில் பதில் தந்தீர்கள்: 'கேட்டவர்கள் குடிக்கக் கூடாது என்பதே நோக்கம், அவர்கள் குடிக்கவில்லை.' குழாய் சரியாகும்வரை எந்த வீட்டிலும் பெரிய தீங்கு நேரவில்லை. ஆனால் மெமோ உங்கள் பணிப்பதிவேட்டில் அப்படியே தங்கிவிட்டது. நாங்கள் வாய்மூடி இருந்தோம். அந்த வெட்கம் இன்றும் எங்களுக்கு உண்டு.

ஆகவே, அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதினோம். யார்? அன்று அந்த மெமோவில் கையெழுத்திட்ட எங்கள் மேலாளர். என்ன செய்ய வேண்டும்? அதை நீக்க வேண்டும். மடலைத் திருத்தி எழுதி, 'நீக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று முடித்து, நேற்று அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். நான்கு வரி அறிவிப்பை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து எங்கள் பணிவான வேண்டுகோளை முழுவதுமாக அடித்துவிட்டு, அதன் மேலே ஒரே சொல் எழுதினார்: 'நீக்கப்பட்டது.' பதிவேட்டை வரவழைத்து அதிலும் எழுதினார். "இதை அந்த அம்மா திருத்த மாட்டாங்கல்ல?" என்று எங்களைக் கேட்டார்.

பெருமையோடு சொல்கிறோம்: உங்கள் பிரிவிலிருந்து வெளிவந்த தாள்களில் இதுவும் தன் வேலையைச் செய்துவிட்டது.

நோயின்றி, நெடுங்காலம், நிறைவோடு வாழுங்கள் அக்கா. இந்த வரியில் கத்தரிக்கோல் பட அனுமதி இல்லை.

இவண்,
மேலாளர் (முதல் கையெழுத்து அவருடையது),
அறிவிப்புப் பிரிவு ஊழியர்கள்,
ஒலிபெருக்கி வண்டியை அன்று ஓட்டியவர்.