கம்பங்கள் இல்லாத ஏரி

சிவப்பு நிறத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. என் சமையலறை நாற்காலிகள்கூடச் சிவப்புதான். ஏரியின் மேல் மட்டும் அது இருக்கக்கூடாது.

என் புகைப்படக் கண்காட்சியில் அந்த ஏரிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இதுல கம்பமெல்லாம் எங்கே?" என்று கேட்டீர்கள். அன்று வந்த இருநூறு பேரில் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் காபி வைத்திருந்த மேசையைத்தான் பார்த்தார்கள். போலீஸ்காரர் என்பதற்காக அல்ல, அந்தக் கேள்விக்காகத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

ஏரி உறைந்ததும் எங்கள் ஊர் சிக்ஸ்டன் பனிக்கட்டியைத் துளைத்துக் கம்பங்கள் நடுவான். ஒவ்வொன்றின் தலையிலும் பெருக்கல் குறிபோல ஒரு சிவப்புப் பலகை. அந்த வரிசையை ஒட்டி வலது பக்கமாகப் போனால் அக்கரை. இடது பக்கம் ஓடை வந்து கலக்கிறது. அங்கே பனிக்கட்டி எந்த ஜனவரியிலும் கெட்டிப்படாது. நாற்பது வருடமாக இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு, ஏரியையே தான் தோண்டியதுபோல நடந்துகொள்வான் சிக்ஸ்டன்.

"எஸ்கில், கம்பத்துல கை வெச்சே, உன் கேமரா முக்காலிய ஒடிச்சு அடுப்புல போட்டுருவேன்" என்பான்.

என் படங்களில் மனிதனும் இல்லை, மனிதன் வைத்துவிட்டுப் போன சாமானும் இல்லை. வானத்தில் துருவ ஒளி பச்சையாக நெளிந்தால் வாயைப் பிளக்கிற ஸ்டாக்ஹோம் கூட்டத்துக்கு நான் படம் எடுப்பதில்லை.

இல்வா நர்ஸ். தெற்கிலிருந்து இலையுதிர் காலத்தில்தான் வந்தாள். அக்கரையில் இருக்கிற வயதானவர்களுக்குக் கட்டு மாற்ற, ஊசி போட, பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டியில் போய்வருவாள். டிசம்பரில் கடையில் என் காலண்டரைப் புரட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எஸ்கில் அண்ணே, ஜனவரியும் பிப்ரவரியும் ஒரே படந்தானே? வெறும் வெள்ளைத் தாளை அச்சடிச்சிட்டு எங்களை ஏமாத்துறீங்க."

கடையே சிரித்தது. சிக்ஸ்டன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள், காலண்டரில் மார்ச் மாதப் படத்தின் மேல் அவளுடைய கையுறை ஈரம் பட்டது, அவ்வளவுதான் ஞாபகம்.

ஜனவரி பதினாறாம் தேதி பதினான்கு கம்பங்களைப் பிடுங்கிக் கரையோரப் புதருக்குப் பின்னால் கிடத்தினேன். இரவில் பெய்த பனி துளைகளையும் என் கால்தடங்களையும் மூடியது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு மேட்டில் முக்காலியை நிறுத்தினேன். மலைக்குப் பின்னாலேயே சூரியன் திரும்பிவிடுகிற நாட்கள் அவை. அப்போது பனியின் மேல் படிகிற நீலம் இருபது நிமிடம் தங்கும். மூன்று குளிர்காலமாக இப்படித்தான் எடுக்கிறேன்; முடிந்ததும் திரும்ப நட்டுவிடுவேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அன்றைக்கு இல்வா வந்தாள். இடது பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீலம் இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது.

பிறகு கம்பங்களை அதனதன் இடத்தில் நட்டேன். மாலையில் தேடி வந்தவர்களோடு சிக்ஸ்டனும் வந்து ஒவ்வொரு கம்பமாகத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தானேடா இருக்கு. அந்தப் பொண்ணு ஏன்டா அந்தப் பக்கம் போச்சு?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகிறவனுக்கு என்ன விளக்குவது? மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கம்பம் இல்லாததால் அவள் வழி தவறினாள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் பார்த்த நீங்கள் இதில் அசட்டையாக இருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அவள் வழி தவறவில்லை. கரையிலேயே இன்ஜினை அணைத்தாள். மேட்டில் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, கம்பத்தைக் காணோமே! எந்தப் பக்கம் போகணும்?"

வலது பக்கம் போனால் என் பனியின் நடுவே கோடு கிழித்துக்கொண்டு போவாள். நான் இடது பக்கம் கையை நீட்டினேன். "சரிண்ணே" என்று கையசைத்துவிட்டுக் கிளம்பினாள்.

இடது பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஃபிரேமை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.