வெளியே நின்ற ஜெபகனி

இரவு பத்து மணி இருக்கும். தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகும் உப்பளத்துப் பாதை. சண்டைக் காலம்... குண்டு விழும் என்று பயந்து துறைமுகத்தில் ஒரு விளக்கைக்கூட எரிய விடவில்லை. அந்த இருட்டில் தனியாக நடந்து வந்தவன் செபாஸ்டின். என் கூட்டாளிக்குச் சொந்தச் சித்தப்பா. வயதில் பெரியவர்தான், ஆனால் 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று போகப்போக உங்களுக்கே தெரியும். நெருக்கி உட்காருங்கள்.

செபாஸ்டின் சங்குகுளித் தோணியில் கயிறு பிடிப்பவன். அவன் பிடிக்கும் கயிற்றில்தான் ஜெபகனி கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுப்பான். ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்படி இறங்கிய ஜெபகனி ஏறி வரவில்லை. அறுந்த கயிறு மட்டும் வந்தது. உடலும் கிடைக்கவில்லை. அதில் செபாஸ்டின் மேல் தப்பு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தப்பு வேறு. அவன் பெண்டாட்டியை அடிப்பான். பெயர் பிளாரன்ஸ். கல்யாணமான வாரத்திலிருந்தே அடி. ஜெபகனி செத்த பிறகு ஒருநாள் இடது காதில் இரத்தம் வரும்படி அறைந்துவிட்டான். தெருவே கூடிவிட்டது. அப்போது அவன் வாயில் வந்தது ஒரு பொய்.

"நான் அடிக்கலைய்யா... ஜெபகனி எனக்குள்ள வந்து அடிக்கான்."

ஊர் நம்பியது. உடல் கிடைக்காத சாவு, ஆவி அலையத்தானே செய்யும்? பிளாரன்ஸே நம்பினாள், பாவம். அடி விழும்போதெல்லாம் "ஜெபகனி அண்ணே, விட்டுருங்க" என்று கதறுவாள். அடித்து முடித்ததும் இவன் ஒன்றும் தெரியாதவன்போலத் தண்ணீர் கேட்பான்.

எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? ஜெபகனியின் பெண்டாட்டி கிரேசி ஒருநாள் காலையில் வந்து பிளாரன்ஸின் காலில் விழுந்தாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு எறும்பக்கூட நசுக்காத மனுசன்க்கா. செத்த பெறவு ஏன் இப்படிச் செய்தாருன்னு தெரியல. அவருக்காவ என்னைய மன்னிச்சிருங்க."

செபாஸ்டின் பக்கத்தில்தான் நின்றான். பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்றைக்கு இரவுதான் அவன் உப்பளத்துப் பாதையில் வந்தது. பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம். சளக்... சளக்... காய்ந்த தரையில் ஈரக்கால் நடக்கும் சத்தம். நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். அதுவும் நடந்தது. பிறகு நாற்றம்... கரையில் சங்கைக் குவித்து அழுகவிடுவார்களே, அந்த நாற்றம். பின்னாலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

"என்னலே செபாஸ்டின், வீட்டுக்கா?"

ஜெபகனியின் குரல். அதில் கோபமே இல்லை.

"கிரேசி உம் பொஞ்சாதி கால்ல விழுந்தாளே... பாத்தேன்."

செபாஸ்டின் நடையை எட்டிப் போட்டான். ஈரக்கால் சத்தமும் கூடவே வந்தது.

"நானாலே அடிச்சேன்?"

இந்த இடத்தில்தான் அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தது செத்தவன் ஒருவன்தான், வேறு ஆளில்லை. ஆனால் செபாஸ்டின் சொன்னான், "ஆமா... நீதான்."

பக்கத்தில் தண்ணீர் சொட்டியது.

"சரி. இன்னைக்கு நான் உள்ள வரல. வாசல்ல நிக்கேன். நீ போ."

ஓடினான். வீட்டில் பிளாரன்ஸ் சோறு போட்டாள். மூச்சு வாங்க உட்கார்ந்து "தண்ணி" என்றான். அவளுடைய இடது காதுதான் அவன் பக்கம் இருந்தது. கேட்கவில்லை. மறுபடி "தண்ணி" என்றான். கேட்கவில்லை. அந்தக் காதைச் செவிடாக்கியவன் அவனேதான்... ஆனாலும் சுர்ரென்று கோபம் ஏறியது. எழுந்து கையை ஓங்கினான். ஓங்கியபடியே வாசலைப் பார்த்தான்.

நின்றான் ஜெபகனி. தலைமுடியில் மணல். உடம்பெல்லாம் தண்ணீர். வாசலுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு.

தனக்குள்ளே எவனும் இல்லை என்று செபாஸ்டினுக்கு நன்றாகத் தெரிந்தது. கையை இறக்கியிருக்கலாம். அடி என்று யாரும் சொல்லவில்லை. இறக்கவில்லை. அடித்தான்.

விழுந்த இடத்திலிருந்து பிளாரன்ஸ் வாசலைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கதறவில்லை.

"ஜெபகனி அண்ணன் அங்கன நிக்காரே..." என்றாள். மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப அடிச்சது யாரு?"

எழுந்து அரிக்கேன் விளக்கை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். ஜெபகனி ஒதுங்கி வழி விட்டான். அவள் அவனுக்குப் பயப்படவே இல்லை. வீட்டுக்குள் இருந்தவனைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நேரே கிரேசி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அப்புறம் திரும்பி வரவேயில்லை.

செபாஸ்டின் இப்போது சங்குகுளிக்குப் போவதில்லை. பொழுது சாய்ந்தால் கடற்கரை. போன மாதம் என் கூட்டாளி அவனைத் தேடிப் போயிருக்கிறான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கடலைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தானாம்.

"ஏலே ஜெபகனி... ஒரு தடவை எனக்குள்ள வாலே. நீதான் அடிச்சன்னு சொல்லிருலே..."

காற்று இல்லை. அலைகூட இல்லை. ரொம்ப நேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து, கோபமே இல்லாமல் ஒரு குரல் வந்ததாம்.

"நான் எங்கனலே வர? உள்ளதான் நீ இருக்கியே."