கட்டில்மேல் கிடந்த பட்டுக் கம்பளம்

இந்த மேசைமேல் விரித்திருக்கிற பச்சைக் கம்பளித் துணியில் மசிக் கறை இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு தூரம் பரவிவிட்டது. எலுமிச்சம்பழமும் உப்பும் போதும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றிக்கொண்டே வர வேண்டும். போகும்போது உங்கள் கான்ஸ்டபிள் முனியனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போன வாரம் நான் சொன்னது பொய். என் தங்கை மஹ்பூபாவைக் கட்டிக்கொள்ள இருந்த மஸ்தான், குளிருகிறது என்று கரிச்சட்டியைத் தானே உள்ளே எடுத்துப்போனான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கி, புகையில் மூச்சு முட்டி இறந்துவிட்டான் என்றேன். நீங்களும் நம்பினீர்கள். "வெளியூர்ப் பையன், கரிப்புகையப் பத்தித் தெரியல, பாவம்" என்று தொப்பியைக் கழற்றினீர்கள். அந்த மரியாதைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதனால் இன்று உள்ளதைச் சொல்கிறேன்.

மஹ்பூபாவைப் பெற்றுப்போட்டுவிட்டு எங்கள் அம்மா இறந்துபோனபோது நான் தாவணி போட ஆரம்பித்திருந்தேன். எங்களைப் பெற்ற அத்தாவுக்குக் கம்பளம் வெளுக்கிற, பழுது பார்க்கிற வேலை. சென்னப்பட்டணத்துப் பெரிய வீடுகளிலிருந்து பூந்தமல்லிக்கு வண்டியில் வரும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே அந்துப்பூச்சி தின்ற ஓட்டைகளுக்கு முடிச்சுப் போட்டேன். என்னைக் கேட்டு வந்தவர்களை அத்தா திருப்பி அனுப்பினார். அத்தா மௌத்தான பிறகு நானே அனுப்பினேன். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளுக்கு நான் வேண்டியிருந்தது.

அவளைக் கேட்டும் வந்தார்கள். சென்னீர்குப்பத்திலிருந்து வந்தவர்களிடம் அவளுக்குக் காக்காய்வலிப்பு என்று சொன்னேன். காபியைக்கூட முடிக்காமல் போனார்கள். யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. மஹ்பூபா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் பாயசம் செய்து கொடுத்தேன், சரியாகிவிட்டாள்.

இந்தத் தடவை எங்கள் மாமா கலீலுல்லா என்னிடம் கேட்கவே இல்லை. ஆற்காட்டில் பையனைப் பார்த்து, ஜமாஅத்தில் சொல்லி, நாளும் குறித்துவிட்டு வந்து நின்றார். "சந்தோசமான சேதி அஷ்ரஃபு" என்றார். ஊரறிந்த பிறகு காக்காய்வலிப்பு செல்லாது.

மஸ்தான் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை வைத்திருந்தான், வெற்றிலைகூடப் போட மாட்டான். கல்யாணப் புடவையைக் கொடுத்துவிட்டுப் போக அன்று காலை ஆவடியில் ரயிலிறங்கி, துலுக்கானத்தின் ஜட்காவில் மழையில் நனைந்தபடி வந்தான். துலுக்கானம் குதிரையைத் திருப்பிக்கொண்டு, "ரோட்டுல இடுப்பளவு தண்ணி கீது நைனா. மழ உட்டா சாய்ந்திரம் வரேன். உடலன்னா மாமியார் ஊடுன்னு நெனச்சிகினு இங்கயே கெட" என்று சொல்லிப் போனான்.

முன்கூடத்தில் மாமாவும் அவனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் மஹ்பூபாவும் திரைக்கு இந்தப் பக்கம். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உள்ள இன்னா சத்தம் மாமு, எலியா?" என்றான் அவன்.

"எலிதான். நிக்காஹ்வுக்கு வரும்போது பூனை ஒண்ணு கூட்டியாரச் சொல்லுங்க மாமு" என்றாள் இவள்.

என் வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். "அக்கா, இனிமே அவ ஊசியத் தொட வேணாம். கண்ணு இன்னாத்துக்கு ஆவறது? நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க. ஊட்ல ஒரு ரூம் சும்மாதான் கீது. ஒக்காந்து சாப்புடுங்க. எத்தினி வருசம்தான் ஊரான் மிதிக்கிறதத் தெச்சிகினு இருப்பீங்க?"

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அறை கொடுக்கிறானாம். என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு மூலையும் கொடுக்கிறானாம். "ஆகட்டும் தம்பி" என்று இன்னும் ஒரு கரண்டி சோறு அனுப்பினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தன் வீட்டுக்குப் போனார். ஜட்கா வரும் என்று மஸ்தான் இங்கேயே இருந்தான். நிக்காஹ் ஆகாத மாப்பிள்ளை பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் படுக்கக் கூடாது. முன்கூடம் ஒழுகிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது கொல்லையில் கம்பளம் காயப்போடுகிற அறைதான். அங்கே பாய் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அறையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் கம்பளிக்குக் கணப்புப் போடாவிட்டால் நாற்றம் பிடித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கரிச்சட்டியை உள்ளே வைப்போம். மனிதர்கள் யாரும் அங்கே தங்க மாட்டோம். பட்டும் அங்கே இருக்கக் கூடாது. கரியின் சூடு பட்டால் பட்டு மஞ்சளாகி, மடிப்பில் விண்டுபோகும். எனவே பட்டை வெளியே எடுப்போம், பிறகுதான் கரி மூட்டுவோம். மஹ்பூபா தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த வழக்கம் இது.

அன்று எழும்பூர் பாரிஸ்டர் வீட்டுப் பட்டுக் கம்பளம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது மூலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து போட வேண்டிய வேலை பாக்கி இருந்தது. பாய் போடப் போனபோது அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உள்ளறைக் கட்டில்மேல் விரித்தேன்.

மஹ்பூபா பார்த்தாள். "இன்னாக்கா, பட்ட இங்க கொண்ணாந்துட்ட?"

"சாரல் அடிக்குது."

"சாரல் அந்தப் பக்கமாத்தான அடிக்குது" என்றாள். பிறகு புதுப்புடவையை மடியில் பிரித்தாள், மறந்துவிட்டாள்.

அவன் அசந்து தூங்கியதும் கரிச்சட்டியை நான்தான் வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். நன்றாகக் காய்ந்த கம்பளம் ஒன்றை எடுத்து அவன் கால் வரை போர்த்தினேன். நனைந்து வந்த பிள்ளை, குளிரக் கூடாது. கதவைச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன். பிறகு வந்து பாத்திரம் கழுவினேன்.

மஹ்பூபா டீ போட்டு, "எழுப்பட்டுமாக்கா?" என்றாள். "தூங்கட்டும், அலுப்பு" என்றேன். டீ ஆறிப்போனது. அவள் மறுபடியும் சூடு பண்ணினாள். மறுபடியும் ஆறியது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். முகம் சிவந்து அழகாக இருந்தது. வலி எதுவும் பட்ட மாதிரி தெரியவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு கத்தினேன்.

எனக்குத் தூக்கு என்றால் சரி. வருந்துகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் கொண்டுபோக வந்தது என் வாழ்நாள் முழுவதையும். யாரும் அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். பந்தல் போட்டு, பிரியாணி பொங்கி, வாழ்த்திக் கொடுப்பார்கள். நான் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பட்டுக் கம்பளத்தைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவன் தானாகக் கரிச்சட்டியை எடுத்துப்போனான் என்றால், அவன் படுப்பதற்கு முன்பே பட்டு ஏன் கட்டிலுக்கு வந்தது? இது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி இல்லை. ஜன்னலைப் பார்ப்பீர்கள், சாம்பலைப் பார்ப்பீர்கள், கட்டிலைப் பார்க்க மாட்டீர்கள். பட்டு எடுத்த நேரத்திலேயே கரி மூட்ட முடிவாகிவிட்டது என்று தெரிந்தவள் இந்த ஊரில் என்னைத் தவிர ஒருத்திதான்.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. பெருமையாகத்தான் இருக்கிறது. அழுது வீங்கிய கண்ணோடு அதைக் கண்டுபிடித்திருக்கிறாளே. அந்தக் கண்ணைத்தான் அவன் ஆற்காட்டுக்குக் கொண்டுபோய் வீணாக்க இருந்தான்.

அந்தப் பட்டை ஒருத்தரையும் மிதிக்க விடாமல் சுருட்டி வைக்கச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்புங்கள்.

என்ன சொன்னீர்கள்?

"உன் தங்கச்சி ஆற்காட்டுக்குப் போய்ட்டாம்மா, அந்தப் பையனோட அம்மாகூட. அந்தம்மாவுக்கு இனி யார் இருக்காங்க, நான் பாத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா. வீட்டுச் சாவி இதோ என்கிட்டதான் இருக்கு."

இருக்கட்டும். மழை நின்றதும் வந்துவிடுவாள். சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த இடது மூலை இன்னும் பாக்கி இருக்கிறது. பாதியில் விட்டுப் போகிறவளாக நான் அவளை வளர்க்கவில்லை.