கையுறையோடு அழுத்தக்கூடிய பொத்தான்

விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போகிறேன், கைக்கு அடக்கமாக ஒரு கேமரா சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. மாதக்கணக்கில் அலைந்து கற்றுக்கொண்டது, யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் எடையைப் பாருங்கள். படத்தின் தெளிவு பற்றிக் கடையில் சொல்வதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடலாம். சட்டையின் மார்புப் பைக்குள் அடங்காத கேமரா மலைமேல் கேமரா இல்லை, கைக்குழந்தை. என் மச்சானிடம் அப்படி ஒரு குழந்தை இருந்தது. பெற்றவர் அவர், சுமந்தவன் நான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேர் வாயில் அவர் கைபட்டிருக்கிறது. மீதிப் பேர் காதில் அவர் மலையேறிய கதை விழுந்திருக்கிறது. மலையேறும் சங்கத்தில் யாரோ கிண்டலாக அவருக்குச் 'சிகரம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் அதை முகவரி அட்டையில் அச்சடித்துக்கொண்டார். கிளினிக்கின் காத்திருப்பு அறை முழுக்க அவர் படங்கள்தான். இடுப்பில் இரண்டு கை, தூக்கிய தாடை, உலகத்தின் கவலையெல்லாம் தன் தலைமேல் என்பதுபோல் தொலைவில் ஒரு பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்தே பலருக்குப் பல்வலி குறைந்திருக்கிறது என்பார். பல்லைப் பிடுங்கும் முன்பே கட்டணம் வாங்குகிறவர் அப்படிச் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

ஒரு தடவை விடியல் வெளிச்சத்துக்காக என்னைக் கேமராவோடு பனியில் நிற்க வைத்தார். "இன்னும் கொஞ்சம் மாப்ள, வெளிச்சம் இப்ப வந்துரும்" என்று கூடாரத்துக்குள் இருந்தபடி குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வந்தது. என் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. உலர்ந்த திராட்சை மாதிரி கறுத்துச் சுருங்கிவிட்டன. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், அறுக்கும்போது எலும்பில் ரம்பம் ஏறுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. கட்டுப் பிரித்த அன்று மச்சான் வந்து, விரல் போன இடத்தைப் படம் எடுத்தார். சங்க ஆண்டு விழாவில் அதைச் சுவர் அகலத்துக்குத் திரையில் போட்டு, "மலை நம்மகிட்ட விலை கேக்கும், நாம குடுத்துத்தான் ஆகணும்" என்றார். நாம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை வாக்குமூலத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன கேமரா வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். "முதுகு வலிக்குது மாப்ள, இனிமே அந்தப் பெரிசு வேண்டாம். நீயே பாத்து ஒண்ணு வாங்கு" என்றார். யார் முதுகு என்று நான் கேட்கவில்லை.

கடையில் விற்பனைப் பெண் எடுத்துவைத்த ஒவ்வொன்றையும் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு அழுத்திப் பார்த்தேன்.

"சார், வெளிய வெயில் மண்டையைப் பொளக்குது. உங்களுக்கு இப்பவே குளிர ஆரம்பிச்சிருச்சா?"

"திரையைத் தொட்டாத்தான் வேலை செய்யும்னா வேண்டாம்மா. கையுறைக்கு அது மசியாது."

"பொண்ணு கட்டும்போதுகூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க சார்."

"அப்ப யோசிச்சிருந்தா இப்ப இந்தக் கேமரா தேவைப்பட்டிருக்காது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியில் தேர்ந்தெடுத்தது சோப்புப் பெட்டி அளவு. தண்ணீர் புகாது, கீழே விழுந்தாலும் தாங்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் உடம்புச் சூட்டில் வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கையால் எடுத்து, திறந்து, அழுத்திவிடலாம். மலையில் மற்றொரு கைக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும். நீங்கள் வாங்கினாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சின்ன கேமராவில் இன்னொரு நன்மை உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கேமராவைக் கண்டதும் மனிதன் விறைத்துக்கொள்கிறான். சின்னதற்கு முன்னால் தன்னை மறந்துவிடுகிறான். மச்சானை எத்தனையோ வருஷமாகப் படம் எடுத்திருக்கிறேன், ஒன்றில்கூட அவர் இல்லை. 'சிகரம்'தான் இருந்தது. தாடையை இறக்கிய மச்சானை ஒரே ஒரு தடவை பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நியாயமான ஆசைதானே.

அன்று நாங்கள் இருவர் மட்டும் ஒரு குறுகிய பாறை விளிம்புக்கு வந்திருந்தோம். கீழே பார்த்தால் மேகம். வழக்கம்போல அவர் இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். படத்துக்காக எப்போதும் கழற்றுவார்.

"கயிறு தெரிஞ்சா யாரோ மேய்க்கக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும் மாப்ள. என் முகத்துல வெளிச்சம் விழுதா பாரு."

விழுந்தது. இடுப்பில் கை போய்விட்டது, தாடை ஏறிவிட்டது.

அவரைக் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது மட்டமான நகைச்சுவை, எனக்கும் ஓரளவு ரசனை உண்டு. வலது கையில் கேமரா இருந்தது. இடது கையில் இருந்த பனிக்கோடரியின் மொட்டைப் பக்கத்தால் அவர் முழங்காலில் அடித்தேன். சில்லு உடைந்தது கோடரியின் பிடி வழியாகத் தெரிந்தது. மண்டையில் அடித்திருந்தால் வேலை சுலபம், ஆனால் முகம் கெட்டிருக்கும்.

அவர் சரிந்து, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்கினார். முதல் படத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். பாடம் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பையன் எழுந்து அறைந்த மாதிரி.

"மாப்ள, கை குடு. விளையாடாத. கை குடுடா."

அவருடைய வலது கையைக் கோடரியால் தட்டினேன். இரண்டு தட்டு தேவைப்பட்டது. கையுறை கிழிந்து நகத்தோடு சதை பிய்ந்தது, பனியில் ரத்தம் பட்டதும் சட்டென்று வெளிறிவிடுகிறது. படத்தில் நிறம் சரியாக வரவில்லையே என்று கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். அதன்பிறகு அவர் 'மாப்ள' என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார். எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தாடை இறங்கிவிட்டது. உதடு கோணி, மூக்கு ஒழுகி, சின்னக் குழந்தை மாதிரி அழுதார். அத்தனை வருஷத்தில் அவரை எனக்குப் பிடித்திருந்த ஒரே நேரம் அது. பிறகு இடது கை விரல்கள் ஓய்ந்துபோயின. அவ்வளவுதான்.

கால் வழுக்கிவிட்டது என்றேன், எல்லோரும் நம்பினார்கள். பத்திரிகையில் இரங்கல் செய்திக்கு அண்ணனின் நல்ல படமாக ஒன்று தேடித்தான் என் மனைவி அந்தக் கேமராவைத் திறந்தாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன் கிட்டக் கிட்டப் போய் எடுத்திருக்கீங்க?"

பதில் சொல்வதற்குள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். ஏன் அழிக்கவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். நன்றாக வந்த படங்களை யாராவது அழிப்பார்களா?

ஒரே ஒரு வேண்டுகோள். கடைசிப் படத்தை நீதிமன்றத்தில் பெரிதாக்கிக் காட்டப்போவதாகவும், முகம் இன்னும் தெளிவாகத் தெரிய ஓரத்தை வெட்டிவிடலாம் என்றும் உங்கள் ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்ட வேண்டாம். கீழே ஓரத்தில் இருப்பதைப் பாறை என்று நினைத்துவிட்டார். அது என் பூட்ஸ். அதற்கடியில் இருப்பவை மச்சானின் இடது கை விரல்கள். ஓய்ந்துபோயின என்று சற்றுமுன் சொன்னேன், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவை நொறுங்குகிறவரை ஊன்றி நின்றேன், கேமரா துளிகூட ஆடவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் அது ஒன்றுதான். காலை அங்கே வைத்தது படம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக மட்டும்தான், வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.