சஹனுக்கு வந்த நீலக் கை

"மச்சான், எண்ட கையக் கொஞ்சம் வச்சிரு, குடைய விரிக்கணும்" என்றார் எனக்கு முன்னால் நின்றவர். சொன்னபடியே தன் வலக்கையைக் கழற்றி நண்பரிடம் கொடுத்தார். நீலப் பிளாஸ்டிக் கை. திருகோணமலைத் துறைமுகத்தடியில் மூதூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம்.

"இதென்ன நீலம்?" என்றார் நண்பர்.

"அச்செடுக்கிற பிள்ள என்ன நிறம் வேணுமெண்டு கேட்டிச்சு. எண்ட தோணிட நிறத்தச் சொன்னன்."

"கையையும் அச்சடிக்கிறாங்களா?"

"ஓம். கொம்பியூட்டர்ல கீறிக் குடுத்தா, மெஷின் பிளாஸ்டிக்க உருக்கி வரிவரியா அடுக்கும். இடியப்பம் பிழியிற மாதிரித்தான்."

"அப்ப உண்ட மகள்ட கலியாணத்தில சஹன்ல குந்துவாய்?"

சஹன் என்பது முஸ்லிம் விருந்துகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. வலக்கையால்தான் அள்ளுவார்கள்.

"அதுதானே கவலையா இருந்திச்சு. கை போனதில இருந்து நான் ஒரு விருந்துக்கும் போகல்ல. இடக்கையால சபையில அள்ள மனம் வராது. இப்ப மருமகன்ட வாப்பா என்னோட ஒரே சஹன்ல குந்தணும் எண்டு நிக்கிறார்."

"இந்தக் கை சோறு அள்ளுமா?"

"முதல் செஞ்ச விரல் அள்ளல்ல. எல்லாம் இடுக்கால கொட்டிப் போச்சு. அந்தப் பிள்ளைட்டப் போய், சஹன் எண்டா என்னெண்டு விளங்கப்படுத்தினன். விரலச் சேத்து அகப்பை மாதிரிக் குழியா அடிச்சுத் தந்திச்சு. இப்ப கடையில புரியாணி திண்டு பாத்தன். ஒரு பருக்கை விழல்ல!"

நண்பர் அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், கலியாணத்துக்கு நான் வருவன். ஆனா உண்ட சஹன்ல குந்த மாட்டன். இந்தக் கையோட நீ குந்தினா எங்களுக்கு என்ன மிஞ்சும்?"