தரையில்லாத பக்கத்து வீடு

எட்டாத உலகங்களை எடைபோட்ட எங்கள் ‘எடைக்கல் அம்மா’ அவர்களே! தன் விண்மீனைக் கோள் கடக்கையில் நேரும் ஒரு துளி மங்கலில் அதன் பருமனையும், அந்த விண்மீனின் மெல்லிய தள்ளாட்டத்தில் அதன் எடையையும் கண்ட நுண்ணறிவே! வணக்கம்.

இந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்வோர் கைகளில், துணி சுற்றிய ஒரே அளவான இரண்டு உருண்டைகளை வைப்பீர்கள். “பிரிக்காம சொல்லுங்க, எது இரும்பு, எது கட்டை?” கை கனத்ததுமே விடை கிடைத்துவிடும். போகமுடியாத கோள்களையும் இப்படித்தான் அறிகிறோம். எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. உள்ளே இரும்பா, பாறையா, நீரா, வாயுவா என்பதை அந்த அடர்த்தியே சொல்லிவிடும்.

கோளைக் கண்டவரே செல்லப்பெயர் இடுவது நம் வழக்கம். தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு, நம் பூமியின் அளவுக்கே அடர்ந்த உங்கள் பாறைக் கோளுக்குப் ‘பக்கத்து வீடு’ என்று பெயரிட்டீர்கள். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. கணவர் மறைந்தபின் பேச்சுத்துணையின்றி வாழும் உங்களை நாங்கள் அறியமாட்டோமா? பணிக்காலம் முழுவதிலும் உங்களுக்கென்று வாய்த்த ஒரே கண்டுபிடிப்பு அது.

பாராட்டுகள் ஓயுமுன் ஐயுற்றவரும் நீங்கள்தான். ஒரே விண்மீன் என்று எண்ணிய புள்ளியில் இரண்டு நின்றன. மற்றதன் வெளிச்சம் கலந்ததால் மங்கல் குறைந்தது. கோள் சிறிதாகத் தோன்றியது. சிறிதானதால் கெட்டியாகத் தோன்றியது. திருத்திப் பார்த்தால் அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டே மடங்கு. நிற்கத் தரையில்லை, ஆழங்காணா நீரும் ஆவியும்தான்.

“யாரும் கேக்கலையேம்மா, நீங்க ஓய்வு பெறுற வரைக்கும் விட்டுடுங்களேன்” என்றார் இயக்குநர்.

“கால வச்சா உள்ள போயிடுற இடத்த தரைன்னு எப்படி சார் சொல்றது?”

அன்றே கண்டுபிடிப்பின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றீர்களே, வாய்மையின் வடிவே!

மாலையில் உங்கள் தங்கை அழைத்தார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. “என்னக்கா, உன் பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்களாமே!” விழுந்து விழுந்து சிரித்தீர்கள். போனை வைத்த பின்பும் உங்கள் கை அதன்மேலேயே இருந்தது.

நீங்கள் ஓய்வு பெறும் இன்று உங்களை அழைத்துப்போக வருவது யார் என்று நேற்றுக் கேட்டோம். “யாரு வரப்போறா? பஸ்ஸுல போயிக்குவேன்” என்றீர்கள்.

அம்மையீர்! நோயின்றி நெடிது வாழுங்கள். வாய்விட்டுப் பேச ஆளோடு வாழுங்கள். நாளை முதல் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே. அதற்கு மருந்து எங்களிடம் இல்லை. ஆனால் இன்று அந்தப் பஸ்ஸில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து இடம் பிடியுங்கள். வீடு வரை வருகிறோம்.

பிரியமுடன்,
அடர்த்தி ஆய்வுப் பிரிவினர்